பரங்கிக் கொடியை மேலே ஏற்றுவது: எங்கே வெட்டலாம், எங்கே கைவைக்கக் கூடாது

பரங்கிக் கொடியை அதன் போக்கில் விட்டால் ஒரே செடி நாலைந்து மீட்டர் ஓடும். சிங்கப்பூரில் அவ்வளவு தரை யாரிடம் இருக்கிறது? தேசியப் பூங்காக் கழகம் வாடகைக்குத் தரும் தோட்டப் பாத்தியே 2.5 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம்தான். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்காரர்களுக்குத் தாழ்வாரத்தில் ஒரு தொட்டிக்கு இடம் கிடைத்தால் பெரிது. அதனால் மேலே ஏற்றியே ஆக வேண்டும்.

இடத்தைவிட முக்கியமான காரணம் ஈரம். நம் ஊர்க் காற்றில் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். தரையில் படர்ந்த கொடியின் இலைகள் ஒன்றன்மேல் ஒன்று கவிந்து, காலை மழையின் நீர் மதியம்வரை காயாமல் நிற்கும். அதுதான் பூஞ்சைக்கு வேண்டியது. மேலே ஏற்றிய கொடியில் இலை அரைமணி வெயிலில் உலர்ந்துவிடும். ஏற்றுவதும் வெட்டுவதும் முதலில் காற்றுக்காக, பிறகுதான் அழகுக்காக.

ஆனால் கத்தரியை எடுக்கும் முன் ஒரு கேள்விக்குப் பதில் தெரிய வேண்டும்: உங்கள் கொடி பெண்பூவை எங்கே வைக்கிறது? தாய்க்கொடியிலா, பக்கக்கொடியிலா? சுரைக்குச் சொன்ன வெட்டை வெள்ளரிக்குச் செய்தாலும், வெள்ளரிக்குச் சொன்னதைச் சுரைக்குச் செய்தாலும் இலைதான் மிஞ்சும். "எல்லாக் கிளையையும் கிள்ளிவிடுங்கள்" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லும் காணொளிகளை நம்பிக் காயை இழந்தவர்கள் நிறைய.

எந்தக் கொடி

மஞ்சள் சதையுள்ள பரங்கிதான் இங்கே பேச்சு. திருஷ்டி கழிக்கும் கல்யாணப் பூசணி வேறு இனம். அதன் காய் எடைக்கு வீட்டுத் தட்டி தாங்காது.

சந்தையில் பார்க்கும் பரங்கி வகைகளில் வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் ஈடுகொடுப்பது மொஸ்காட்டா (moschata) இனம். நம் நாட்டுப் பரங்கி, மலேசியச் சந்தைப் பரங்கி, பட்டர்நட், கொரியர்கள் இளசாகச் சமைக்கும் ஏஹோபாக், இத்தாலியர்களின் நீளக் கழுத்து திராம்பொன்சீனோ எல்லாம் இதில் அடக்கம். விதைப் பொட்டலத்தில் இந்த இனப் பெயரைப் பார்த்து வாங்குங்கள். காய் ஒன்றரை, இரண்டு கிலோவைத் தாண்டாத வகை செங்குத்துத் தட்டிக்கு ஏற்றது.

சுக்கினி என்று விற்கும் பச்சைக் காய் வேறு இனம். அது கொடியே இல்லை, குத்துச்செடி, 1.2 மீட்டர் கோல் நட்டு நடுத்தண்டைக் கட்டி நிறுத்தலாம், காய் பறித்த இடத்துக்குக் கீழுள்ள இலைகளைக் கழிக்கலாம், நுனியை மட்டும் எக்காரணம் கொண்டும் கிள்ளக் கூடாது. ஒரே நுனிதான் அதற்கு. அது போனால் செடி போச்சு. சாம்பல் நோயும் தேமல் நோயும் இங்கே அதைச் சீக்கிரம் சாய்த்துவிடும். சுக்கினி ருசி வேண்டுமென்றால் திராம்பொன்சீனோவை ஒரு முழ நீளத்தில் பறித்துச் சமைப்பது புத்திசாலித்தனம். ஜப்பானியக் கபோச்சாவும் வேறு இனம்தான். நம் வெக்கையில் அதற்கு மூச்சு வாங்கும்.

வெயில் கணக்கு

காய்க்கும் கொடிக்கு நேரடி வெயில் ஆறு மணி நேரம் வேண்டும். நான்குக்குக் குறைவு என்றால் பரங்கியை விட்டுவிட்டுக் கீரை போடுங்கள். வெயில் குறைந்தால் கொடி நீளும், கணுவுக்கும் கணுவுக்கும் இடைவெளி கூடும், பெண்பூ வராது, வந்தாலும் பிஞ்சிலேயே வெம்பி விழும்.

சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு ஒன்றரைப் பாகைகூட வடக்கில் இல்லை. அதனால் மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் நடுவரை சூரியன் நமக்கு வடக்கே சாய்ந்து போகும், மீதி ஆறு மாதம் தெற்கே. வடக்கு பார்த்த தாழ்வாரத்தில் ஏப்ரல் தொடக்கத்தில் விதைத்தால் கொடியின் ஆயுள் முழுக்க வெயில் கிடைக்கும்; அதையே அக்டோபரில் விதைத்தால் ஒருநாள்கூட நேர் வெயில் படாது. தெற்கு பார்த்த வீட்டுக்கு டிசம்பர் தொடக்கம் நல்லது: நாற்றுப் பருவத்தில் மழை அடித்தாலும் பூக்கும் நேரம் ஜனவரி கடைசி, காய் பிடிப்பது வழக்கமாக மழை குறைந்த பிப்ரவரி. கிழக்கு, மேற்கு பார்த்தவர்களுக்கு மாதம் பெரிதில்லை. மேற்கில் மட்டும் தொட்டியின் பக்கச் சுவர் கொதிக்கும், அட்டையோ சாக்கோ சுற்றிவிடுங்கள்.

தாழ்வாரத்தில் மேல்தளம் உச்சி வெயிலை மறைக்கும் என்பதால், வடக்கு, தெற்கு வீடுகளில் அரைச்சுவரின் மேல் விளிம்பை ஒட்டிய இடத்தில்தான் வெயில் விழும். ஒருநாள் முழுக்க மணிக்கொருமுறை கைப்பேசியில் படம் எடுத்துப் பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும். இன்னொன்று: நம் கடிகாரத்தில் உச்சிப்பொழுது 12 மணி இல்லை, ஏறக்குறைய 1 மணி.

தரைவீட்டுத் தோட்டத்திலோ வாடகைப் பாத்தியிலோ இருப்பவர்கள் தட்டியை வடக்கு தெற்காக நிறுத்துங்கள். காலையில் ஒரு முகம், மாலையில் மறு முகம் என்று இரண்டு பக்கமும் வெயில் குடிக்கும்.

தொட்டியும் மண்ணும்

தரையில் படரும் பரங்கி கணுவுக்குக் கணு வேர் விட்டு அங்கங்கே நீரும் உரமும் எடுத்துக்கொள்ளும். மேலே ஏற்றியதும் அந்த வேரெல்லாம் இல்லாமல் போகிறது. அடியில் இருக்கும் ஒரே வேர்த்தொகுதி முழுக் கொடிக்கும் சோறு போட வேண்டும். இதை மறந்து 20 லிட்டர் தொட்டியில் பரங்கி வைத்தால், எட்டாவது இலைக்குப் பிறகு கொடி தினமும் மதியம் துவளும், பிஞ்சு உதிரும்.

பரங்கிக்கு 50 லிட்டர். மீன், காளான் வரும் பெரிய தெர்மோகோல் பெட்டி ஏறக்குறைய அந்த அளவு. அடியில் விரல் பருமனில் எட்டுத் துளை போடுங்கள். பாகல், வெள்ளரிக்கு 25 முதல் 30 லிட்டர் போதும். நனைந்த 50 லிட்டர் மண் ஐம்பது கிலோவைத் தாண்டும், ஆகவே வைக்கும் இடத்தை முதலிலேயே முடிவு செய்யுங்கள்.

கலவை: பையில் விற்கும் தோட்ட மண் 4 பங்கு, மக்கிய உரம் 3 பங்கு, அலசிய தேங்காய்நார்த் தூள் 2 பங்கு, பெர்லைட் 1 பங்கு. நம் மழை சுண்ணாம்புச் சத்தை அடித்துக்கொண்டு போய் மண்ணைப் புளிக்கவைக்கும் என்பதால் 50 லிட்டருக்கு ஒரு கைப்பிடி டாலமைட் சுண்ணாம்புத் தூள். முட்டை ஓட்டை நொறுக்கிப் போட்டால் அது கரைவதற்குள் கொடியின் காலம் முடிந்துவிடும்; இந்தப் பயிருக்கு அதை நம்ப வேண்டாம்.

விதையை ஆறு மணி நேரம் ஊறவைத்து, கூர்முனை கீழே பார்க்க 2.5 சென்டிமீட்டர் ஆழத்தில், இருக்கப்போகும் தொட்டியிலேயே ஊன்றுங்கள். நாலு முதல் ஏழு நாளில் முளைக்கும். சுரை, பாகல் விதையின் ஓடு கெட்டி. நகவெட்டியால் ஓரத்தை லேசாக நறுக்கிய பிறகு ஊறவையுங்கள். நாற்றாக வளர்த்து நடுவதானால் இரண்டாவது முரட்டிலை (விதையிலைகளுக்குப் பிறகு வரும் நிஜ இலை) விரிவதற்குள் நட்டுவிட வேண்டும். வேர் சுருண்ட பூசணி நாற்று பிறகு தேறுவதே இல்லை.

கொடி 60 சென்டிமீட்டர் ஆனதும் உடனே தட்டியில் ஏற்றாதீர்கள். தொட்டி மண்மேல் ஒரு வளைவு கிடத்தி, இரண்டு கணுக்களை ஒரு விரற்கடை மண்ணால் மூடிவிட்டு, அதன் பிறகு மேலே திருப்புங்கள். பத்து நாளில் அந்தக் கணுக்களில் வேர் இறங்கும். போன வேரில் கொஞ்சத்தை இப்படித் திரும்ப வாங்கிவிடலாம்.

தட்டி

உயரம் 1.8 மீட்டர் போதும். அதற்கு மேல் போனால் காலையில் பூவைத் தொட நாற்காலி தேட வேண்டும். தாழ்வாரத்து அரைச்சுவர் பக்கத்தில் நாற்காலி மேல் ஏறுவது வேண்டவே வேண்டாம். வாடகைப் பாத்தி, சமூகத் தோட்டம் என்றால் பந்தல் உயரத்துக்கு அங்கே என்ன விதி என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கம்பத்துக்குத் துத்தநாகம் பூசிய 25 மில்லிமீட்டர் இரும்புக் குழாய் சிறந்தது. மூங்கில் மலிவு, ஆனால் மண்ணில் புதைந்த பாகம் நம் ஈரத்தில் ஓராண்டு, ஒன்றரை ஆண்டில் இற்றுவிடும். மெல்லிய பிவிசி குழாய் வெயிலில் இளகி, காய் எடை ஏறும்போது நடுவில் தொய்யும். தரையில் நட்டால் 50 சென்டிமீட்டர் ஆழம் இறக்குங்கள். தொட்டியில் நட்ட கம்பத்தை நம்பாதீர்கள். தொட்டியும் கம்பமும் சேர்ந்தே சாயும். இரண்டு தட்டிகளை ஏணிபோல் சாய்த்துத் தலையில் கட்டிய கூடாரம், இரண்டு தொட்டிகளுக்கு நடுவே நிற்கும்.

சுமத்ரா சூறைக்காற்றை மனத்தில் வைத்துத்தான் இதையெல்லாம் கட்ட வேண்டும். தென்மேற்குப் பருவத்திலும் இடைப்பருவங்களிலும் விடியலுக்கு முன்னும் காலையிலும் வரும் அந்தக் காற்று மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் வீசும். இலை நிறைந்த தட்டி அப்போது பாய்மரம்.

வலைக் கண்ணின் அகலம் 15 சென்டிமீட்டர் இருக்கட்டும். கை உள்ளே போய் வர வேண்டும். கடையில் மலிவாகக் கிடைக்கும் சின்னக்கண் நைலான் வலையில் பிஞ்சு ஒரு கண்ணுக்குள் நுழைந்து பெருத்து, இடுப்பில் கயிறு இறுகிய காயாக நிற்கும். எடுக்கவும் முடியாது, விடவும் முடியாது.

கொடியைக் கட்ட மென்மையான துணிப்பட்டை அல்லது சணல். தட்டியை ஒரு சுற்று, கொடியை ஒரு சுற்று, நடுவே குறுக்கு என்று 8 வடிவில், கொடிச் சுற்றில் சுண்டுவிரல் நுழையும் தளர்வோடு, 30 சென்டிமீட்டருக்கு ஒன்று. கட்டும் வேலை மாலையில். காலையில் கொடி நீர் நிறைந்து விறைப்பாக இருக்கும், வளைத்தால் படக்கென்று ஒடியும். மாலை நாலு மணிக்குக் கொஞ்சம் துவண்டு சொன்னபடி வளையும்.

வீவக தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் அகலம் எப்போதும் காலியாக இருக்க வேண்டும், தீ என்றால் எல்லாரும் ஓடும் வழி அது. கொடியின் ஒரு காயோ ஒரு தொட்டியோகூட அரைச்சுவருக்கு வெளியே தொங்கக் கூடாது. பத்தாவது மாடியிலிருந்து விழும் ஒரு கிலோ பரங்கி ஆளைக் கொல்லும். தட்டி சுவருக்கு உட்புறமாகவே நிற்கட்டும், நுனி வெளியே எட்டிப் பார்த்தால் அன்றே உள்ளே திருப்புங்கள். உண்மையில் தாழ்வாரத்துக்குப் பரங்கியைவிடப் பாகல் உசிதம்.

கத்தரி

வெட்டுவதற்குச் சரியான நேரம் மழையில்லாத நாளில் காலை பத்து மணிக்கு மேல். இலை உலர்ந்திருக்க வேண்டும், வெட்டு வாய் மாலைக்குள் காய வேண்டும். கத்தரியை 70 விழுக்காடு ஆல்கஹாலால் ஒரு செடிக்கும் அடுத்த செடிக்கும் நடுவே துடையுங்கள். தேமல் வைரஸ்களில் சில வெட்டும் கருவி வழியாகவே பரவும்.

பரங்கிக்கு:

ஐந்தாறு முரட்டிலை வரும்வரை எதையும் தொடாதீர்கள். அந்த இலைகள்தான் வேரைக் கட்டுகின்றன. பிறகு, அடியிலிருந்து முதல் ஐந்து கணுக்களில் வரும் பக்கக்கொடிகளை விரல் நீளத்திலேயே கிள்ளிவிடுங்கள். எட்டாவது கணுவுக்குக் கீழே பெண்பூ வந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். மனசு வராதுதான். ஆனால் ஏழு இலைச் செடி ஒரு காயைச் சுமந்தால் கொடி அங்கேயே நின்றுவிடும். கிடைப்பது கைப்பிடி அளவுக் காய் ஒன்று.

பரங்கியில் பெண்பூ தாய்க்கொடியிலும் வரும், பக்கக்கொடியிலும் வரும். ஆகவே தாய்க்கொடியின் நுனியை ஆரம்பத்தில் வெட்ட வேண்டியதில்லை. ஒரு தாய்க்கொடி, எட்டாவது கணுவுக்கு மேலே வரும் வலுவான ஒரு பக்கக்கொடி, இந்த இரண்டு போதும் ஒரு 50 லிட்டர் தொட்டிக்கு. இடையில் வரும் மற்றவற்றை வாரம் ஒருமுறை கிள்ளுங்கள். வாரம் தவறினால் முழம் நீண்டு பற்றுக்கம்பியால் எல்லாவற்றையும் பிணைத்துக்கொள்ளும். அதைப் பிய்ப்பதில் நல்ல இலைகளும் கிழியும். (கிள்ளிய நுனிகளை எறியாதீர்கள். நாரை உரித்துவிட்டுத் தேங்காய்ப் பாலில் வேகவைத்தால் மலாய்க்காரர்கள் வீட்டுப் புச்சோக் லாபு. பருப்போடு சேர்த்தால் நம் கூட்டு.)

பக்கக்கொடியில் பிஞ்சு பிடித்து எலுமிச்சை அளவு ஆனதும், காய்க்கு அப்பால் இரண்டு இலை விட்டு நுனியை வெட்டுங்கள். தாய்க்கொடி தட்டியின் உச்சியைத் தொட்டு, அதில் ஒரு காயாவது கைமுட்டி அளவு வந்த பிறகு அதன் நுனியையும் வெட்டலாம். அதற்கு முன் வெட்டினால் பக்கக்கொடிகள் படையெடுக்கும், சத்தெல்லாம் அங்கே போகும். ஒரு முற்றிய காய்க்குப் பன்னிரண்டு, பதினைந்து நல்ல இலையாவது உழைக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். தொட்டிக் கொடிக்கு இரண்டு காய். மூன்றாவது பிடித்தால் கொடியே ஒன்றை உதிர்த்துவிடும்; அது முடிவு செய்யும் வரை காத்திராமல், இருப்பதில் கோணலானதை நாமே எடுப்பது நல்லது.

இலை கழிப்பது தனி வேலை. மஞ்சளானது, புள்ளி விழுந்தது, மண்ணைத் தொடுவது ஆகியவை முதலில் போகட்டும். ஒரு தடவைக்கு இரண்டு மூன்று இலைக்கு மேல் வேண்டாம், அடுத்ததற்கு நாலைந்து நாள் இடைவெளி. காய்க்குப் பக்கத்துக் கணுவின் இலைதான் அந்தக் காய்க்குத் தாய். வெயில் படட்டும் என்று அதை வெட்டினால் காய் இளைக்கும், தோலும் வெயிலில் வெந்து வெளுக்கும். பரங்கி இலைக்காம்பு குழாய்போல் உள்ளே வெற்று. பாதிக் காம்பை விட்டு வெட்டினால் குழாயில் மழைநீர் தேங்கி, அழுகல் தண்டுக்குள் இறங்கும். தண்டை ஒட்டி, தண்டைக் கீறாமல் வெட்டுங்கள்.

மற்ற கொடிகளுக்குச் சுருக்கமாக:

சுரை நேர் எதிர். தாய்க்கொடியில் பெரும்பாலும் ஆண்பூதான். பெண்பூ கூடுவது பக்கக்கொடியிலும், அதன் பக்கக்கொடியிலும். ஆகவே ஏழெட்டு இலையில் தாய்க்கொடி நுனியைக் கிள்ளி, வரும் கிளைகளில் இரண்டு மூன்றை மட்டும் வளர்த்து, அவை பன்னிரண்டு இலை ஆனதும் அவற்றின் நுனியையும் கிள்ளுங்கள். சுரை பந்தல் வைத்தும் பூ மட்டும் பூத்துக் காய்க்கவில்லை என்று அலுத்துக்கொள்பவர்கள் பெரும்பாலும் இந்த ஒரு கிள்ளலைச் செய்யாதவர்கள்.

பாகலுக்கு அடி 50 சென்டிமீட்டரைக் கிளையில்லாமல் சுத்தமாக வைத்தால் போதும், மேலே அதன் இஷ்டம். பீர்க்கும் அப்படியே. வெள்ளரியை ஒற்றைத் தண்டாக ஏற்றலாம். புடலைக்குச் செங்குத்துத் தட்டி சரிவராது. காய் தடையில்லாமல் தொங்க வேண்டும், தலைக்கு மேல் கிடைப்பந்தல்தான் அதற்கு. நுனியில் சின்னக் கல் கட்டி நேராக இழுக்கும் பழைய வழக்கம் இன்றும் நல்ல வழக்கம்தான்.

பூ

முதலில் வருவதெல்லாம் ஆண்பூ. ஒரு வாரம், பத்து நாள் கழித்துத்தான் பெண்பூ வரும், பதற வேண்டாம். பெண்பூவின் அடியில் குட்டிப் பரங்கி போல ஓர் உருண்டை இருக்கும். ஆண்பூ மெலிந்த நீளக் காம்பில் நிற்கும். மூன்று வாரம் ஆகியும் ஆண்பூ மட்டும் என்றால் காரணம் இரண்டில் ஒன்று: வெயில் போதவில்லை, அல்லது தழைச்சத்து மிதமிஞ்சிவிட்டது. கோழி எருவை அள்ளிப் போட்டவர் வீட்டுக் கொடி யானைக்காது இலையோடு நிற்கும், காய் இருக்காது.

உயரத்து மாடிகளில் தேனீ அரிது. கையால்தான் மகரந்தம் சேர்க்க வேண்டும். பரங்கிப் பூ விடியலில் விரிந்து பத்து மணிக்குள் சுருங்கும். இங்கே சூரியன் எழுவதே ஏழு மணி அளவில், ஆகவே ஏழிலிருந்து எட்டரைக்குள் வேலையை முடியுங்கள், அதற்கு மேல் வெக்கையில் மகரந்தம் வீரியம் இழக்கும். அன்று மலர்ந்த ஆண்பூவைப் பறித்து, இதழ்களைக் கிழித்தெறிந்து, நடுக்கம்பைப் பெண்பூவின் மூன்று மடல் சூலகமுடியில் எல்லாப் பக்கமும் படும்படி சுழற்றித் தடவுங்கள். ஒரு பெண்பூவுக்கு இரண்டு ஆண்பூ. ஒரு பக்கம் மட்டும் பட்டால் காய் ஒரு பக்கம் சூம்பும்.

இரவில் மழை வருமென்று தோன்றினால், மறுநாள் மலரப்போகும் மொட்டுகளை (மஞ்சள் ஏறி நுனி தளர்ந்திருக்கும்) முந்தின மாலையே சின்ன நெகிழிப் பையால் மூடிவிடுங்கள். நனைந்த மகரந்தம் வெடித்து வீணாகும். ஆண்பூ இல்லாத நாளில் பெண்பூ மலர்வது சகஜம். அதற்காகவே பத்து நாள் இடைவெளியில் இரண்டு செடிக்கு விதை ஊன்றுங்கள். சுரையின் ஆண்பூவைப் பரங்கிக்குத் தடவிப் பயனில்லை, சுக்கினிப் பூவும் உதவாது. பரங்கிக்கு அதே இனப் பரங்கி. சுரை, பீர்க்கு இரண்டும் மாலையில் மலர்பவை. காலையில் போய் நின்றால் வாடிய பூதான் இருக்கும்.

பூக்கும்வரை 15-15-15 (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக உள்ள) உரம் ஒரு தேக்கரண்டி, தொட்டியின் ஓரமாக, பத்து நாளைக்கு ஒருமுறை. பெண்பூ வரத் தொடங்கியதும் சாம்பல்சத்து கூடிய 12-12-17க்கு மாறுங்கள். மழைக்காலத்தில் அளவைப் பாதியாக்கி ஐந்து நாளைக்கு ஒருமுறை என்று பிரித்துப் போடுங்கள், மொத்தமாகப் போட்டால் தொட்டித் துளை வழியே ஓடிவிடும். முழுதாக ஏறிய கொடிக்கு வெயில் நாளில் நாலைந்து லிட்டர் தண்ணீர் போகும். காலையில் பெரும்பங்கு, மாலை நாலுக்கு மீதி. ஒருநாள் காயவிட்டு மறுநாள் வெள்ளம் விடுவதுதான் பிஞ்சின் அடி கறுப்பதற்குக் காரணம். மதியம் துவண்டு மாலையில் நிமிர்ந்தால் இயல்பு. காலையிலேயே துவண்டிருந்தால் வேரில் கோளாறு, தண்ணீரை நிறுத்திவிட்டு வடிகால் துளையைப் பாருங்கள். தொட்டிக்கு அடியில் தட்டு வைக்காதீர்கள். வைத்தே ஆகவேண்டுமானால் ஒருநாள் விட்டு ஒருநாள் கவிழ்த்துக் கழுவுங்கள். ஏடிஸ் கொசு முட்டையிட்டால் அபராதம் உங்களுக்கு, டெங்கி அண்டை வீட்டுக்கும் சேர்த்து.

காயைத் தாங்குவது

கைமுட்டி அளவு தாண்டியதும் ஊஞ்சல் கட்டுங்கள். ஒன்றரைக் கிலோவரை காம்பே தாங்கும் என்பது உண்மைதான். ஆனால் சூறைக்காற்றில் காய் ஆடும்போது முறிவது காம்பு இல்லை, கொடி. வெங்காயம் வரும் வலைப்பை மிக நல்லது. பழைய பனியன் துணி எங்கும் சொல்லப்படுவது, ஆனால் நம் மழையில் நீர் கோத்துக்கொண்டு காயின் அடியை அழுகவைக்கும். ஊஞ்சலின் கயிறு தட்டிச் சட்டத்தில் கட்டப்பட வேண்டும், கொடியில் இல்லை. காயின் எடை ஊஞ்சலில் உட்கார்ந்து, காம்பு தளர்ந்து நிற்கிறதா என்று வாரம் ஒருமுறை பார்த்துக் கயிற்றை ஏற்றுங்கள்.

என்னென்ன கெடும்

பழ ஈதான் முதல் எதிரி. பிஞ்சில் ஊசி குத்திய புள்ளி, அதில் பிசின் துளி, இரண்டு நாளில் அந்த இடம் உள்வாங்கிக் காய் கோணும். பூ வாடிய இரண்டாம் நாளே பிஞ்சைப் பைக்குள் விடுங்கள். காகிதப் பை மழையில் கரையும். நெய்யாத துணிப் பையோ கொசுவலைத் துணிப் பையோ வாங்குங்கள், காயோடு ஒட்டாமல் தொளதொளவென்று இருக்கட்டும். ஒட்டியிருந்தால் வலை வழியாகவே ஈ குத்தும். பரங்கித் தோல் தடிக்கும்வரை, அதாவது மூன்று வாரம், பை இருந்தால் போதும். பாகல், பீர்க்குக்குப் பறிக்கும்வரை. ஈப் பொறி வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மா, கொய்யாவுக்கு விற்கும் மெத்தில் யூஜினால் மருந்து பூசணிக் குடும்பத்து ஈயை ஈர்க்காது. கியூ லூர் என்று கேட்டு வாங்குங்கள். அதுவும் ஆண் ஈயைத்தான் பிடிக்கும், பைக்கு மாற்றாகாது. குத்துப்பட்ட காயை உரக்குழியில் போடாதீர்கள். புழு மண்ணிறங்கிக் கூட்டுப்புழுவாகி அடுத்த படையாக வரும். நெகிழிப் பையில் இறுகக் கட்டிக் குப்பையில் போடுங்கள்.

குத்துப் புள்ளியே இல்லாமல் நாலாம் நாள் பிஞ்சு மஞ்சளித்து விழுந்தால் அது மகரந்தம் சேராதது, ஈமேல் பழி போடாதீர்கள்.

இலைமேல் வெள்ளைப் பொடி என்றால் சாம்பல் நோய். மழை குறைந்த நாட்களிலும் நிழலிலும் அதிகம். ஒரு பங்கு பாலுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து, காலை வெயிலில் இலையின் இருபுறமும் வாரம் ஒருமுறை தெளித்தால் ஆரம்பத்தில் மட்டுப்படும். கந்தகத் தூள் வேண்டாம், நம் வெக்கையில் பூசணி இலை கருகும். நரம்புகளுக்கு நடுவே கட்டம் கட்டமாக மஞ்சள் திட்டு, இலையின் அடியில் சாம்பல் ஊதாப் பூச்சு என்றால் அது அடிச்சாம்பல் நோய். மழைக்கால நோய், பாலுக்கு மசியாது. அந்த இலைகளை எடுத்து, மாலையில் இலை நனைய நீர் ஊற்றுவதை நிறுத்தி, நெரிசலைக் குறைப்பதுதான் வழி.

புது இலை சுருங்கி, பச்சையும் மஞ்சளும் திட்டுத்திட்டாக வந்தால் தேமல். மருந்து கிடையாது. செடியை வேரோடு எடுத்துக் கட்டிப் போட்டுவிட்டு, அதைக் கொண்டுவந்த அசுவினியையும் வெள்ளை ஈயையும் பக்கத்துச் செடிகளில் தேடுங்கள். லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், சில துளி சோப்பு, மாலையில், இலையின் அடிப்பக்கம். ஆரஞ்சு நிறப் பூசணி வண்டு நாற்றின் இலையை வட்டம் வட்டமாக அரிக்கும். விடிகாலையில் மந்தமாக இருக்கும்போது கையால் பிடித்துச் சோப்புத் தண்ணீரில் போடுவதைவிட வேகமான மருந்து இல்லை.

பறிப்பது: பிஞ்சாகச் சமைக்க, பூத்த ஏழாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள். முற்றவிட்டால் 40 முதல் 50 நாள். தோலின் பளபளப்பு மங்கி, நகம் இறங்காமல், காம்பு மரம்போல் காய்ந்து கீறல் விழுந்தால் தயார். காம்பைப் பிடித்துத் தூக்காதீர்கள். ஊஞ்சலோடு ஏந்திக்கொண்டு 5 சென்டிமீட்டர் காம்பு விட்டு வெட்டி, மழைபடாத காற்றோட்டமான இடத்தில் ஒரு வாரம் ஆறவிடுங்கள். காம்பு உடைந்த காயை முதலில் சமைத்துவிடுங்கள், அது தங்காது.